செப்பாங் தடத்தில் ஒரு நாள்: வெளிநாட்டுப் பந்தயத் தடத்தில் பைக் ஓட்டச் செல்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டை, பெரம்பூர், மணலி பக்கத்திலிருந்து கோலாலம்பூருக்குச் சுற்றுலா செல்லும் பைக் பிரியர்கள் பலர், அந்தப் பயணத்திலேயே மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் ஒரு நாள் ஓட்டிவிட்டு வரவேண்டும் என்று விரும்புகிறார்கள். அது நியாயமான விருப்பம். சரியாகத் திட்டமிட்டால் எளிதாக நிறைவேறக்கூடியதும்கூட. ஆனால் அங்கே போய்த் தடுமாறி நிற்கும் புதியவர்களைக் கவனித்து வந்ததில், ஒரே காரணம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. விமான டிக்கெட்டை முதலில் எடுக்கிறார்கள், பைக்கைப் பிறகு தேடுகிறார்கள், காப்பீட்டைக் கடைசியில் நினைத்துப் பார்க்கிறார்கள் அல்லது நினைப்பதே இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பாதிச் சிக்கல்கள் வரவே வராது. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் பின்பற்றுங்கள்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இங்கே பேசப்படுவது பந்தயம் கிடையாது, டிராக் டே. பணம் கட்டிய எவரும், அமைப்பாளரின் விதிகளுக்கு உட்பட்டு, போட்டியும் பரிசும் இல்லாமல் தடத்தில் ஓட்டிப் பழகும் நாள் அது. பந்தயத்துக்குப் போட்டியாளர் உரிமம் வேண்டும். டிராக் டேவுக்குப் பொதுவாக அது தேவைப்படுவதில்லை.

1. முதலில் இருங்காட்டுக்கோட்டை

வெளிநாட்டுத் தடத்தில்தான் முதன்முறையாகத் தடம் ஏறுவேன் என்பவர்களை நான் ஊக்குவிப்பதில்லை. நமக்கு மிக அருகிலேயே, இருங்காட்டுக்கோட்டையில், இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர் பெற்றுள்ள 3.717 கி.மீ. தடம் இருக்கிறது. மீஞ்சூர், செங்குன்றம் பக்கத்திலிருந்து வருபவர்கள் நகருக்குள் நுழையாமலே, வெளிவட்டச் சாலை வழியாக நசரத்பேட்டைக்கு வந்து பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்துவிடலாம். அங்கே பயிற்சிப் பள்ளிகள் நடத்தும் முகாம் ஒன்றிலாவது கலந்துகொண்ட பிறகுதான் வெளிநாட்டுத் திட்டத்தைத் தொடங்க வேண்டும்.

காரணம், நம் சாலைகள் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கும் பழக்கங்கள். மணலி விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டுபவரின் கண், முன்சக்கரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் பள்ளத்தின்மேல்தான் நிலைத்திருக்கும். அப்படி இருந்தால்தான் அவர் பத்திரமாக வீடு சேர முடியும். இடக்கையின் இரண்டு விரல்கள் எப்போதும் கிளட்ச்மேல் இருக்கும். நொடிக்கொருமுறை கண்ணாடியைப் பார்ப்பார். தடத்தில் இவை மூன்றுமே இடைஞ்சல். அங்கே கண் அடுத்த வளைவை நோக்கியிருக்க வேண்டும், கிளட்ச்சுக்கு கியர் மாற்றும்போது மட்டுமே வேலை, கண்ணாடி பெரும்பாலும் கழற்றப்பட்டிருக்கும் அல்லது டேப் ஒட்டி மறைக்கப்பட்டிருக்கும். இந்தப் பழக்கங்களை விடுவதற்கே ஒரு முழு நாள் பிடிக்கும். அந்த நாளை மலேசிய ரிங்கிட்டில் பணம் கட்டி வீணாக்க வேண்டியதில்லை.

உங்கள் சொந்த பைக்கை அங்கே கொண்டுசெல்கிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: நம் நாட்டு வாகனக் காப்பீட்டுப் பாலிசிகளில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்ட பயன்பாடுகள். தடத்தில் ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள்.

2. காப்பீடு: எழுத்தில் பெற்ற பதில் மட்டுமே பதில்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சாதாரணப் பயணக் காப்பீடு மோட்டார் பந்தயத்தையும் அபாயகரமான விளையாட்டுகளையும் பெரும்பாலும் விலக்கிவைக்கிறது. சாகச விளையாட்டுகளைச் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பாதுகாப்பை வாங்கினாலும், அதன் பட்டியலில் ஆழ்கடல் நீச்சலும் பாராகிளைடிங்கும் இருக்கும், மூடிய தடத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது இருக்காது. முகவரிடம் தொலைபேசியில் கேட்டால், "அதெல்லாம் கவர் ஆகும் சார்" என்ற பதில்தான் வரும். எலும்பு முறிந்து வெளிநாட்டு மருத்துவமனையில் படுத்திருக்கும்போது அந்த வாய்மொழிக்கு எந்த மதிப்பும் கிடையாது.

ஆகவே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். "மூடிய தடத்தில், போட்டியில்லாத, நேரக் கணக்கில்லாத பயிற்சி நாளில், வாடகை மோட்டார் சைக்கிளில் ஏற்படும் காயத்துக்கான மருத்துவச் செலவு இந்தப் பாலிசியில் அடங்குமா, எந்த விதியின்கீழ்?" என்று நேராகக் கேளுங்கள். பதில் எழுத்தில் வந்த பிறகே பணம் கட்டுங்கள். இல்லை என்று பதில் வந்தால், டிராக் டே அமைப்பாளரிடம் அன்றைய நாளுக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டா என்றும், அதன் உச்சவரம்பு எவ்வளவு என்றும் விசாரியுங்கள். இரண்டு இடத்திலும் இல்லை என்றால், இந்தப் பயணத்தில் ஓட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அறுவை சிகிச்சைச் செலவு வீட்டிலுள்ளவர்கள் தலையில்தான் விழும்.

உங்கள் காயத்துக்கான காப்பீடு வேறு, வாடகை பைக்கின் சேதத்துக்கான பொறுப்பு வேறு. பின்னதைப் பற்றி அடுத்த படியில் பார்ப்போம்.

3. நாளையும் பைக்கையும் பதிவு செய்தல்

தடத்தின் நாட்காட்டியில் பைக்குக்கென்று ஒதுக்கப்பட்ட நாட்கள் குறைவு. கார்களுக்கும் நிறுவனங்களின் சோதனை ஓட்டங்களுக்கும் போக மிஞ்சுவதுதான் நமக்கு. ஆகவே அமைப்பாளர் தேதியை உறுதி செய்த பிறகே அடுத்த காரியம். தாய்லாந்தின் புரிராமில் உள்ள 4.554 கி.மீ. சாங் தடத்தைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் இதே விதிதான்.

சொந்த பைக்கைக் கடல் கடந்து கொண்டுசெல்வது ஒரு நாள் ஓட்டத்துக்குக் கட்டுப்படியாகாது. வாடகைக்கு எடுங்கள். எடுக்கும்போது சிறிய பைக்கையே கேளுங்கள். 300 முதல் 400 சிசி போதும். நம் ஊரில் டியூக் 390 ஓட்டுபவர், வாய்ப்புக் கிடைத்ததே என்று அங்கே 1000 சிசி பைக்கில் ஏறினால், நாள் முழுவதும் நேர்ச்சாலையில் பறந்து வளைவில் தவழ்வார். வளைவில் ஓட்டக் கற்றுக்கொள்ளத்தான் தடத்துக்குப் போகிறோம். பெரிய எஞ்சினின் வேகம் அந்தக் கற்றலுக்கான நேரத்தையும் மனநிதானத்தையும் பறித்துவிடும்.

பணம் கட்டும் முன் வாடகைக்காரரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை இவை. முன்பணம் எவ்வளவு, விழுந்தால் நீங்கள் கட்ட வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு உண்டா, அல்லது முழுச் சேதமும் உங்களுடையதா? டயரும் பெட்ரோலும் மெக்கானிக்கும் வாடகைக்குள் அடக்கமா? ஏபிஎஸ் இருக்கிறதா? இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு, அதைத்தான் எவரும் கேட்பதில்லை: கியர் வரிசை சாலை பைக்கில் இருப்பதுபோலா, தலைகீழா? தடத்துக்கென்று தயாரான பைக்குகள் பலவற்றில் முதல் கியருக்கு மேலே தூக்கி, மற்றவற்றுக்குக் கீழே மிதிக்க வேண்டும். வளைவில் சாய்ந்திருக்கும்போது இடக்கால் விரலை லீவருக்கு அடியில் நுழைக்காமலே அடுத்த கியர் போட அது உதவும் என்பதால் அப்படி அமைக்கிறார்கள். பழகாதவர், நேர்ச்சாலை முடிவில் கியரைக் குறைப்பதாக எண்ணிக் கீழே மிதித்தால், கியர் ஏறி, எஞ்சின் பிரேக் (கியரைக் குறைக்கும்போது எஞ்சினே வேகத்தை இழுத்துக் குறைப்பது) இல்லாமல் வளைவுக்குள் போய்ச் சேர்வார். சாலை வரிசைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறு பைக் பாருங்கள்.

முன்பணத்தைப் பெரும்பாலும் கிரெடிட் கார்டில் நிறுத்திவைப்பார்கள். நம் வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே இயக்கினால்தான் அது வேலை செய்யும் என்பதையும், வரம்பு போதுமா என்பதையும் ஊரிலேயே பார்த்துவிடுங்கள்.

4. உடுப்பு

முழு லெதர் சூட், அல்லது இடுப்பைச் சுற்றிலும் ஜிப்பால் முழுமையாக இணையும் இரண்டு பகுதிச் சூட், மணிக்கட்டைத் தாண்டி மூடும் கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ், முதுகுக் காப்பு, முகம் மூடும் ஹெல்மெட். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பரிசோதனையில் நிறுத்திவிடுவார்கள். ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை மட்டும் இருந்தால் வெளிநாட்டில் ஏற்காமல் போகலாம், ஐரோப்பியப் பாதுகாப்புத் தரமான இ.சி.இ. 22.06 முத்திரையும், தாடைப் பட்டையில் இரட்டை வளையப் பூட்டும் உள்ளதாக வாங்குங்கள். கீழே விழுந்து அடிபட்ட ஹெல்மெட், பார்வைக்கு நன்றாக இருந்தாலும், தடத்துக்கு ஆகாது.

பெரியமேட்டில் அழகான தோல் ஜாக்கெட் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அது உடுத்திக்கொள்ள நல்ல ஜாக்கெட்டாக இருக்கலாம். ஆனால் தார்மேல் சறுக்கும்போது தாங்க வேண்டிய தோலின் தடிமன், இரட்டை அல்லது மூன்று வரிசைத் தையல், தோள், முழங்கை, முட்டி, இடுப்பு இடங்களில் ஐரோப்பிய சி.இ. சான்று பெற்ற காப்பு ஆகியவை அதில் இருக்காது. மெல்லிய தையல் உராய்வில் முதலில் பிரியும். பிரிந்த இடத்தில் தோலுக்கு அடியில் இருப்பது நம் தோல்தான்.

சூட்டை வாங்கும்போது நின்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். நிற்கும்போது முதுகு வளைந்து, இறுக்கமாக, நடக்கவே சங்கடமாகத்தான் இருக்க வேண்டும். கடையில் ஒரு பைக்மேல் உட்கார்ந்து, டேங்க்மேல் குனிந்து பாருங்கள். அப்போது வசதியாக இருந்தால் அது சரியான அளவு. நிற்கும்போதே வசதியாக இருக்கும் சூட், விழும்போது சுழன்று, முட்டிக் காப்பை முட்டியை விட்டு நகர்த்திவிடும். சூட்டுக்குள் போட மெல்லிய, வியர்வை உறிஞ்சும் முழு உள்ளாடை ஒன்றும் வேண்டும். அது இல்லாமல் செப்பாங் வெயிலில் இரண்டாவது அமர்வுக்கு, அதாவது இரண்டாம் முறை தடம் ஏறும்போது, சூட்டைத் திரும்ப மாட்டவே முடியாது.

உடுப்பை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம் என்றாலும், ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் மூன்றும் சொந்தமாக இருப்பது நல்லது.

5. இப்போது டிக்கெட்

தேதி, பைக், காப்பீடு மூன்றும் உறுதியான பிறகே டிக்கெட் எடுங்கள். தடத்துக்குச் செல்லும் நாளுக்கு முந்தைய நாள் காலைக்குள் போய்ச் சேர்வதுபோலத் திட்டமிடுங்கள். சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். ஆனால் நள்ளிரவு விமானத்தில் ஏறி, இரண்டரை மணி நேரத்தையும் கடிகாரத்தில் இழந்து, தூங்காத கண்ணோடு காலை எட்டு மணிக்குத் தடத்தில் நிற்பவர்கள் உண்டு. செப்பாங், கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு மிக அருகில் இருப்பதால் இந்த ஆசை எளிதில் வரும். தூக்கமில்லாதவரின் பிரேக் எப்போதும் ஒரு கணம் தாமதமாகவே விழும்.

இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா 30 நாட்கள் வரை விசா இல்லாமல் நுழைய அனுமதிக்கிறது. இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பயணத் தேதிக்கு அது பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அங்கே சாலையிலும் பைக் ஓட்டும் எண்ணம் இருந்தால், ஆர்.டி.ஓ. வழியாகப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் வாங்கிவையுங்கள்.

ஹெல்மெட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சரக்குப் பெட்டிகளோடு அது எப்படித் தூக்கிப்போடப்படும் என்பது நம் கையில் இல்லை. கேமரா பேட்டரிகளும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். காற்றுப்பை உள்ள ஜாக்கெட் என்றால், அதன் வாயுக் குப்பிக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதலை முன்கூட்டியே பெற்று, அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மீனம்பாக்கத்திலேயே குப்பியை எடுத்துவிட்டுப் போகச் சொல்வார்கள்.

6. தடத்தை மனத்தில் வரைதல்

புறப்படும் முன்பே தடத்தின் வரைபடத்தைப் பார்த்து, தாளில் கையால் வரைந்து பழகுங்கள். ஒவ்வொரு வளைவும் எந்தப் பக்கம் என்பதை யோசிக்காமல் சொல்ல முடிந்தால், ஓட்டும்போது மூளைக்கு அந்த வேலை மிச்சம்.

செப்பாங் 5.543 கி.மீ. நீளம், 15 வளைவுகள். பத்து வலம், ஐந்து இடம். இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது: டயரின் வலப்பக்கம் சீக்கிரம் சூடாகும், இடப்பக்கம் தாமதமாகும். 2, 5, 9, 12, 15 ஆகிய இட வளைவுகளில் முதல் இரண்டு சுற்றுகள் தனிக் கவனத்தோடு சாய வேண்டும்.

முதல் வளைவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுமார் 920 மீட்டர் நேர்ச்சாலையின் முடிவில் வரும் வல வளைவு அது. உள்ளே போகப்போக இறுகிக்கொண்டே வரும். நுழையும்போது அகலமாகத் தெரிவதால், புதியவர் சீக்கிரமே உள்ளே திருப்பிவிடுவார். பாதியில் வளைவு இறுகும்போது அவர் இடது ஓரத்துக்குத் தள்ளப்படுவார். அடுத்து உடனே வருவதோ இடப்பக்கக் கொண்டை ஊசி. அதற்கு வலது ஓரத்தில் நிற்க வேண்டியவர் இடது ஓரத்தில் நிற்பார். எனவே முதல் வளைவில் பொறுமையாகத் தாமதித்துத் திருப்பி, கடைசி வரை உட்பக்கத்திலேயே ஒட்டியிருங்கள். முதல் வளைவு மெதுவாகிப்போனாலும் பரவாயில்லை, இரண்டாவது சரியாக அமையும்.

14ஆவது வளைவும் அப்படித்தான். 13இல் சாய்ந்தபடியே பிரேக் பிடித்து நுழையும் இடம். முதல் நாளில், 13க்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவது நல்லது.

7. அன்று காலை

வரிசை எங்கும் ஒன்றுதான்: பதிவு, பொறுப்புத் துறப்புப் படிவம், உடுப்பும் பைக்கும் பரிசோதனை, விளக்கக் கூட்டம், பிறகு தடம். விளக்கக் கூட்டத்துக்கு வராதவரைத் தடத்தில் விட மாட்டார்கள். படிவத்தில் கையெழுத்திடும் முன் முழுவதும் படியுங்கள். தடத்தின் தடுப்புச் சுவருக்கு ஏற்படும் சேதத்தையும் உங்கள் தலையில் கட்டும் வரி அதில் இருக்கக்கூடும். இரத்த வகை, ஒவ்வாமை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை முழுமையாக எழுதுங்கள்.

பைக்கைக் கையில் வாங்கியதும், ஏற்கெனவே உள்ள கீறல்களை வாடகைக்காரர் கண்முன்னேயே படம் எடுங்கள். கியர் வரிசையை, நின்ற இடத்திலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிரேக் லீவரின் தூரத்தை உங்கள் விரலுக்கு ஏற்பச் சரிசெய்யச் சொல்லுங்கள். டயர் காற்றழுத்தத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். தடத்தில் டயர் சூடேறும்போது அழுத்தம் கூடும் என்பதைக் கணக்கிட்டே மெக்கானிக் குறைத்து வைத்திருப்பார்.

குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது தொடக்கநிலைக் குழுவையே கேளுங்கள். கௌரவம் பார்த்து நடுநிலைக் குழுவில் சேர்பவர், நாள் முழுவதும் பின்னால் வருபவருக்குப் பயந்து ஓட்டுவார்.

தடத்தோரம் ஊழியர்கள் காட்டும் கொடிகளின் பொருளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மஞ்சள்: முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு: அமர்வு நிறுத்தம், கையை உயர்த்தி, வேகத்தைக் குறைத்து, பிட்டுக்கு (தடத்துக்கு வெளியே பைக்குகள் நிற்கும் இடத்துக்கு) திரும்ப வேண்டும். மஞ்சளில் சிவப்புக் கோடுகள்: தரையில் எண்ணெயோ நீரோ, பிடிப்பு இல்லை. கறுப்பில் ஆரஞ்சு வட்டம்: உங்கள் பைக்கில் ஏதோ கோளாறு, உடனே ஓரம் கட்டித் தடத்தை விட்டு விலக வேண்டும். கட்டம் போட்டது: அமர்வு முடிந்தது. நீலத்தையும் வெள்ளையையும் அமைப்பாளர்கள் வெவ்வேறு விதமாகப் பயன்படுத்துவதால், கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். சிவப்பைப் பார்த்ததும் பதறி பிரேக்கைப் பிடித்து நிற்பது கொடிய தவறு. பின்னால் வருபவர் உங்கள்மேல் வந்து மோதுவார்.

செப்பாங்கில் தமிழ் பேசும் ஊழியர் ஒருவரையாவது சந்திக்க நல்ல வாய்ப்பு உண்டு. விளக்கக் கூட்டத்தில் புரியாததை, "அண்ணே, இதைக் கொஞ்சம் சொல்லுங்க" என்று தமிழிலேயே கேட்கலாம்.

8. முதல் அமர்வு

ஒரு அமர்வு பொதுவாக 15 முதல் 20 நிமிடம். முதல் அமர்வுக்கு ஒரே நோக்கம்தான்: தடம் எங்கே போகிறது என்று கண்ணால் பார்ப்பது. பயிற்றுநர் முன்னால் போனால் அவர் பின்சக்கரத்தைப் பார்க்காமல், அவர் தோளுக்கு அப்பால் பாருங்கள். பிரேக் பிடிக்கும் இடத்துக்கு ஓர் அடையாளம், திருப்பும் இடத்துக்கு ஒன்று, வெளியேறும் இடத்துக்கு ஒன்று என்று ஒவ்வொரு வளைவுக்கும் தேர்ந்துகொள்ளுங்கள். தொலைவுப் பலகை, சாயம் அடித்த ஓரக்கல் போன்ற நகராத பொருட்களையே தேர்ந்தெடுக்க வேண்டும்; நிழலை அடையாளமாக வைத்தால் மதியம் அது இடம் மாறியிருக்கும்.

பின்னால் வருபவரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முந்துபவர்தான் பாதுகாப்பாக முந்தப் பொறுப்பு. வழிவிடுவதாக எண்ணித் திடீரென்று ஒதுங்கும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே விபத்தை உண்டாக்கும், ஏனென்றால் நீங்கள் ஒதுங்கும் இடத்தைத்தான் அவர் ஏற்கெனவே தேர்ந்திருப்பார். உங்கள் கோட்டில் சீராகப் போய்க்கொண்டிருங்கள்.

9. அடுத்த அமர்வுகள்

ஒவ்வொரு அமர்விலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திருத்துங்கள்: ஒன்றில் பார்வை, ஒன்றில் பிரேக், ஒன்றில் உடல் நிலை. எல்லாவற்றையும் ஒன்றாகத் திருத்த முயன்றால், எது பலன் தந்தது என்றே தெரியாது.

பிரேக்கை நேராக இருக்கும்போதே முடியுங்கள். முதலில் மெதுவாகத் தொட்டு, எடை முன்சக்கரத்துக்கு வந்து டயர் தரையில் அழுந்திய பிறகு பலமாக அழுத்துங்கள். விடும்போதும் மெதுவாகவே விடுங்கள். எடுத்த எடுப்பில் இறுக்கிப் பிடித்தால், எடை வந்து சேரும் முன்பே முன்சக்கரம் பிடிப்பை இழக்கும். தேய்த்த மாவு ஒட்டாத கல்லில் சறுக்குவதுபோல அது கணத்தில் நழுவிவிடும். உடலைக் கைப்பிடியில் தாங்காமல், முட்டிகளால் டேங்கை இறுக்கித் தாங்குங்கள்; கைகள் தளர்ந்திருந்தால்தான் முன்சக்கரம் தன் வேலையைச் செய்யும். முட்டி தரையைத் தொடவேண்டும் என்ற ஆசையை முதல் நாளில் ஒதுக்கிவையுங்கள். சரியாக ஓட்டினால் அது தானாக நேரும். வலிந்து தொட முயல்பவர்கள் இடுப்பை வெளியே தொங்கவிட்டுத் தலையை மட்டும் டேங்குக்கு மேலேயே வைத்திருப்பார்கள்.

எண்ணூர்க் கடற்காற்றின் புழுக்கம் பழகியவருக்கும் லெதர் சூட்டுக்குள் செப்பாங் வெயில் வேறு அனுபவம். தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள். வெறும் நீர் போதாது, ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை ஊரிலிருந்தே கொண்டுசெல்லுங்கள். அமர்வு முடிந்ததும் சூட்டை இடுப்பு வரை இறக்கிவிட்டு நிழலில் உட்காருங்கள். மதியம் பலமாக உண்ண வேண்டாம். பிற்பகலில் மழை அடிக்கடி வரும் என்பதால், காலை அமர்வுகளைத் தவறவிடாதீர்கள்.

கடைசி அமர்வில் விழுந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உடல் தளர்ந்திருக்கும், மனம் மட்டும் துணிந்திருக்கும். ஒரே வளைவில் இரண்டு முறை தொடர்ந்து அடையாளத்தைத் தவறவிட்டால், கையை உயர்த்திக்காட்டி, பிட்டுக்குள் வந்துவிடுங்கள். கட்டிய பணம் வீணாகிறதே என்று அந்த அமர்வை ஓட்டக் கூடாது.

10. தடத்தை விட்டு வெளியே போனால், விழுந்தால்

வளைவில் சமாளிக்க முடியாமல் வெளியே போகிறீர்கள் என்றால், பைக்கை நிமிர்த்தி நேராகவே ஓட்டிச் செல்லுங்கள். சரளைக் கல்லிலும் புல்லிலும் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். நின்ற பிறகு, மார்ஷல் (தடத்தோரப் பாதுகாப்பு ஊழியர்) சைகை காட்டும் வரை தடத்துக்குத் திரும்பக் கூடாது. டயரில் ஒட்டிய கல் அடுத்தவரை வீழ்த்தும்.

விழுந்தால் பைக்கை விட்டுவிடுங்கள். பிடித்துக்கொண்டே போனால் அது புரளும்போது உங்களையும் சேர்த்துப் புரட்டும். சறுக்கல் முழுவதும் நின்றுவிட்டது என்று உறுதியாகும் வரை எழ முயலாதீர்கள். நின்றதுபோலத் தோன்றும்போதும் உடல் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். எழுந்ததும் தடுப்புச் சுவரை நோக்கிப் போங்கள். எந்தக் காரணத்துக்காகவும் தடத்தைக் குறுக்கே கடக்காதீர்கள். தலையில் அடிபட்டது என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும், வலி இல்லையென்றாலும், தடத்தின் மருத்துவரிடம் போய் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே தகவல் சொல்ல வேண்டும்.

11. மாலை

பைக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது காலையில் எடுத்த படங்களை வைத்து ஒவ்வொரு பக்கமாக ஒப்பிட்டு, சேதம் இல்லை என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். சேதம் இருந்தால், எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்று பிரித்த பட்டியலைக் கேளுங்கள். மொத்தத் தொகைக்கு மட்டும் தலையாட்டாதீர்கள்.

சூட்டை வியர்வையோடு பெட்டியில் மடித்து வைத்தால் ஊர் வந்து சேர்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். விடுதி அறையில் மின்விசிறிக்குக் கீழே, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, இரவு முழுவதும் காயவிடுங்கள். வெயிலில் போட்டால் தோல் விறைத்து வெடிக்கும். கார்டில் நிறுத்திவைத்த முன்பணம் விடுவிக்கப்படச் சில நாட்கள் ஆகலாம். அது கணக்கில் திரும்பும் வரை வாடகை ரசீதையும் சேதமில்லை என்ற சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.